பாலைவனத்தில் ஈரம் தேடியவன்

மச்சான்,

நேற்று லண்டன் ரெய்னர்ஸ் லேனில் பட்டப்பகலில் என் மானம் போனது. அபூர்வமாக வெயில் கொளுத்தியது. காருக்குள் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தவன் "ஐயோ அம்மா" என்று கத்திவிட்டேன். வீட்டுக்குள் ஓடிப்போய், கேக் சுடும்போது போடுகிற தடித்த கையுறைகளை மாட்டிக்கொண்டு வந்தேன். பூப்போட்டவை. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் வணக்கம் சொல்ல உயர்த்திய கையை அப்படியே இறக்கிக்கொண்டார்.

"அப்பா, பிளீஸ், கழட்டுங்கோ," என்றாள் மகள்.

பீனிக்ஸில் நீ கோடை முழுக்க அப்படித்தான் கார் ஓட்டினாய் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

எண்பதுகளில் செவன் கிங்ஸில் நாம் இருந்த அறையின் சுவரில் பூஞ்சணம் கறுப்பாகப் படர்ந்திருக்கும். பெட்ரோல் ஸ்டேஷன் ஷிப்ட் முடிந்து நீ படுத்தால் உன் நெஞ்சு ஆர்மோனியம் வாசிக்கும். "இது ஆலாபனைதான், பாட்டு இனித்தான்," என்று சொல்லிவிட்டு இன்ஹேலரை இழுப்பாய். கலியாணம் முடித்து வேறு வீடு போன பிறகும் அதே கச்சேரி. கடைசியில் டாக்டர், உலர்ந்த காற்றுள்ள ஊர் நல்லது என்றார். உன் மனைவியின் அண்ணன் அமெரிக்காவில், பீனிக்ஸில் இருந்தார். போய்ச் சேர்ந்த கையோடு போன் செய்தாய்: "வீடு வாங்கப் போறன். நீ வந்து பார்த்தால்தான் வாங்குவன்."

வீடு பார்ப்பதில் நான் மன்னன் என்று எனக்கும் ஒரு நினைப்பு. வந்தேன். முதல் வீட்டில் மூலைக்கு மூலை குந்தியிருந்து சுவரை முகர்ந்தேன். லண்டனில் வீடு வாங்குகிற நம்மவர் யார்தான் முகரவில்லை? வீடு காட்ட வந்த பெண்மணி பயந்துபோய், எலி ஏதும் செத்துக் கிடக்கிறதா என்று கேட்டாள்.

"டேய், இது பாலைவனம். இங்கை ஈரம் தேடுறதெண்டால் கிணறுதான் வெட்டோணும்."

விடுவேனா? அடுத்த வீட்டில் குசினியில், அடுப்புக்கு மேலே இருந்த மேற்கு ஜன்னல் முழுக்க வெயில். "இதை வாங்கு மச்சான், லண்டனிலை இந்த வெயிலுக்கே விலை கூட," என்றேன். பெண்மணி என் கையைப் பிடித்து ஜன்னல் கண்ணாடியில் வைத்தாள். சுட்ட கையை ஊதிக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் புறப்பட்டேன்.

மூன்றாவது வீடு வடக்குப் பார்த்து நிழலில் கிடந்தது. நீ முற்றத்தைச் சுற்றி ஓடிக் காட்டினாய். நெஞ்சிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. "கேட்டியே? ஆர்மோனியத்தை வித்தாச்சு!"

பிறகு மதிலடியில் நின்று மெதுவாகச் சொன்னாய்: "பக்கத்து வீடும் விக்கக் கிடக்கு. வாங்கன். மதிலை இடிச்சு ஆள் நுழையிற அளவுக்கு ஒரு பொட்டு வைப்பம், றோட்டைச் சுத்தாமல் நீ தேத்தண்ணிக்கு வரலாம்."

"மழை இல்லாத ஊரிலை நான் ஆரைத் திட்டுறது?" என்று சிரித்தேன். நீயும் சிரித்தாய், ஆனால் கொஞ்சம் பிந்தி.

இந்த மாசியில் உன்னைக் கொண்டுபோனது மாரடைப்பு. மூச்சு மட்டும் கடைசிவரை நன்றாக இருந்தது என்று உன் மனைவி சொன்னாள். கையுறைகளைக் காரிலேயே விட்டிருக்கிறேன். மகள் ஒளித்து வைப்பாள், நான் தேடி எடுப்பேன்.

அன்று சிரித்துவிட்டு, எந்த இடத்தில் பொட்டு வைக்கலாம் என்று அந்த மதிலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். வாய்வரை வந்து நின்றது இவ்வளவுதான்: ஓம் மச்சான், வாறன்.