விழுகிறவனிடம் கேட்ட அறிவுரை

12.01.2013, சனி

வாடைக்காற்று. மூன்றாவது நாளாகக் கீரிக் கடற்கரையில் வள்ளங்கள் இறங்கவில்லை. மீன் இல்லாவிட்டால் ஐஸ் எதற்கு, ஐஸ் கொம்பனியில் அரை நாள் வேலைதான். கழுத்து காலையிலேயே பிடித்துக்கொண்டது.

வாங்க: மண்ணெண்ணெய், சவர்க்காரம், நோவெண்ணெய், கதவுப் பிணைச்சல் ஒன்று. (வீட்டுத்திட்டத்தில் கதவு தந்தார்கள். பிணைச்சல் மூன்றுக்கு இரண்டுதான் வந்தது.)

மத்தியானச் சாப்பாட்டில் மகள் நிரோஜா கேட்டாள். ஓ.எல். சோதனை எழுதிவிட்டு றிசல்ற் வரும்வரை வீட்டில் இருக்கிறாள். பதினாறு முடிந்துவிட்டது.

"அப்பா, நான் றெஸ்லிங் கத்துக்கிட்டு அதையே தொழிலாப் பண்ணலாமா? நீங்க என்ன சொல்றீங்க?"

இந்தியாவில் அகதிக் காம்பில் பிறந்து வளர்ந்த பிள்ளை. ஊருக்கு வந்து இரண்டு வருடம், இன்னும் 'ஓம்' வரவில்லை, 'ஆமா'தான். பள்ளிக்கூடத்தில் 'இந்தியாக்காரி' என்று பகிடி. பகிடி பண்ணிய ஒருத்தியைத் தூக்கி மதிலில் இருத்திவிட்டாள் என்று அதிபர் என்னைக் கூப்பிட்டது போன வருடம். வெளியே மன்னிப்புக் கேட்டேன். உள்ளே ஒரே புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை.

சிரித்துச் சமாளித்தேன். என் மனிசி றீற்றா சிரிக்கவில்லை, சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

13.01, ஞாயிறு

பூசைக்குப் போனோம். கோவில் மதிலில் நோட்டீஸ். கொழும்பில் ஒரு கொம்பனி மேடை றெஸ்லிங் நடத்தப்போகிறதாம், பெண்பிள்ளைகளும் வேண்டுமாம். நடுவில் எங்கள் அன்ரனின் படம், முகம் நிறைய வர்ணம். கீழே: 'இந்தியாவில் நாற்பது போட்டிகளில் தோல்வியே காணாத வீரர்.'

பக்கத்தில் நின்ற ஒருவர், "நாப்பது பேரை விழுத்தினவனாம், சும்மா ஆளில்லை."

நாற்பது பேர் இல்லை ஐயா. நாற்பது தரமும் ஒரே ஆள். நான்.

இதை இந்த ஊரில் ஒருவருக்கும் சொன்னதில்லை. காம்பில் அன்ரனும் நாங்களும் அடுத்தடுத்த அறை. மகள் நி.க்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பன் அவன்தான். திருவிழாப் பொருட்காட்சிகளில் றெஸ்லிங் காட்டும் ஓனர் ஒருவன் எங்களைக் கூட்டிப்போனான். காம்பில் ஆள் கணக்கெடுக்கும்போது இல்லாவிட்டால் பதிவை வெட்டிவிடுவார்கள், அரிசியும் போய்விடும். அதனால் எனக்குக் கறுப்பு முகமூடி, அவனுக்கு வர்ணம். ஆபீசர் முன்வரிசையில் இருந்து பார்த்தாலும் ஆளைத் தெரியாது. முகமூடி போட்டவன் கெட்டவன், கெட்டவன் தோற்க வேண்டும். நன்றாகத் தோற்றேன். பொய் சொல்லக்கூடாது, அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

கடைசி ஆட்டத்தில் அன்ரனின் கை வழுக்கியது. தலைகீழாகப் பலகையில் விழுந்தேன். ஆஸ்பத்திரியில், பெயின்ற் அடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்தேன் என்று சொன்னோம். உண்மையைச் சொன்னால் பதிவு போய்விடும். நி.க்கும் அதே சாரக்கதைதான். அவளுக்கு அப்போது ஏழு வயது.

14.01, திங்கள்

பொங்கல். அன்ரன் வந்தான். வெள்ளைச் சப்பாத்து, வாசனை. நி.க்கு ஒரு ஸ்போர்ட்ஸ் உடுப்பு.

"மச்சான், எப்பிடி இருக்கிறாய்? கழுத்து எப்பிடி?"

"திரும்பாது. மற்றும்படி சுகம்."

வழமைபோல என் கழுத்தைத் தடவிப் பார்த்தான், வழமைபோலக் கண் கலங்கினான். நல்லவன் என்று நினைத்துக்கொண்டேன். இதை அழிக்காமல் விடுகிறேன், நான் எவ்வளவு பெரிய மடையன் என்பதற்குச் சாட்சி வேண்டும். (வியாழன் எழுதியது.)

நி.யைக் கொழும்புக்கு விடச் சொல்லிக் கேட்டான். "என்ர ஞானப்பிள்ளை, நான் பாக்கமாட்டனே?" றீற்றா பொங்கலை அள்ளி அள்ளி வைத்தாள்.

16.01, புதன்

கொம்பனியில் வேலை இல்லை. நி.க்குச் சொல்ல வேண்டியவை:

1. கழுத்து. மற்றதெல்லாம் பிறகு.
2. விழும்போது நாடி நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும். இரண்டு உள்ளங்கையும் ஒரே நேரத்தில் பலகையில் அடிக்க வேண்டும். சத்தம் சனத்துக்கு, நோவு குறைவது உனக்கு.
3. தூக்குகிறவனின் பலத்தை நம்பாதே. நீயே எம்ப வேண்டும்.
4. நகம் வெட்டு.
5. ஏ.எல். படி. (கேட்கமாட்டாள். என்றாலும் சொல்ல வேண்டும்.)
6. வென்றால் தலைக்கனம் வேண்டாம். வெல்லச் சொன்னதால்தான் வென்றாய்.
7. கை.

ஏழாவது வாயால் சொல்ல வேண்டியது. பின்னேரம் மீனவர் கொட்டில்கள் நிற்கும் வாடியடிக்குக் கூட்டிப்போனேன். பழைய வலைக் குவியல், மெத்தை மாதிரி. விழக் காட்டினேன், கழுத்தை மறந்து இரண்டு தரம் நானும் விழுந்தேன். மூன்றாம் தரம் அவள் விழுந்தது, சொன்னால் நம்பமாட்டார்கள், என்னிலும் திறம். படுத்தபடியே சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த புளுகத்தில் ஒன்பது வருடம் பூட்டி வைத்ததைத் திறந்தேன்.

முகமூடி நான்தான் என்றேன். கையைப் பற்றிச் சொன்னேன். தூக்குவதற்கு முன்னால் எதிராளி உன் மணிக்கட்டை அமத்துவான். நீ ஆயத்தமென்றால் திருப்பி அமத்து. அமத்தாவிட்டால் அவன் தூக்கக்கூடாது. சனத்துக்குத் தெரியாது, இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். எங்கள் தொழிலில் உண்மையானது அது ஒன்றுதான். அன்றைக்கு முகமூடி விலகிக் கண்ணை மறைத்துவிட்டது. நான் அமத்தவில்லை. அதற்குள் அன்ரனுக்கு வியர்வையில் கை வழுக்கி...

"தெரியும்பா."

"என்ன தெரியும்?"

"எல்லாம். போன மாசமே அன்ரன் மாமா ஃபோன்ல சொல்லிட்டாரு. வழுக்கலையாமே? ஆட்டத்துக்குக் கூட்டம் கொறையுது, ஒரு தடவ நெசமாவே போடுன்னு ஓனர் சொன்னாராம். நீங்க அழுத்தாதது தெரிஞ்சுதான் போட்டாராம். இன்னைக்கும் நெனச்சு நெனச்சு அழறாரு, பாவம்."

வலையின் ஒரு முனையைக் கையில் எடுத்தேன்.

"அம்மாவுக்கு ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாராம்." என் முகத்தைப் பார்த்தாள். "அப்பா... உங்களுக்குத் தெரியாதா?"

வலையை மடித்தேன். மடித்ததை உதறிவிட்டு மறுபடி மடித்தேன். அறிவுரை அத்தோடு முடிந்தது.

17.01, வியாழன்

காற்று குறைவு. றீற்றாவிடம் கேட்டேன். இல்லை என்று சொல்லுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பேன்.

"ஓம், தெரியும். வராந்தாவிலை என்ர காலிலை விழுந்து அழுதவன்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா என்ன செய்திருப்பியள்? எழும்ப ஏலாமல் கிடந்துகொண்டு அவனைத் துரத்தியிருப்பியள். ஆறு மாதம் உங்களைக் கக்கூசுக்குத் தூக்கிக்கொண்டு போனது ஆர்? நானோ? எனக்கு அந்தப் பலம் இருந்ததோ? அவன் துலைஞ்சு போனால் நானும் பிள்ளையும் என்ன செய்யிறது?"

சரியான பதில். ஒரு ஓட்டையும் இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. ஆறு மாதம் அவன் தோளில் தொங்கிக்கொண்டு, உன்னை மாதிரி ஆர் இருக்கினம் மச்சான் என்று நான் அழுதிருக்கிறேன். இவள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். பிறகு ஒன்பது வருடம் ஒரே பாயில் படுத்திருக்கிறாள்.

சாமியாரிடம் செய்யவேண்டிய பாவசங்கீர்த்தனத்தை என் மனிசியிடம் செய்திருக்கிறான். இவளும் சாமியார் மாதிரியே வாய் திறக்கவில்லை.

18.01, வெள்ளி

வேலை. 60 கட்டி ஐஸ். தாராபுரத்து நசீர் நானா மீன் பெட்டிக்கு ஐஸ் எடுக்க வந்தார். "என்ன ஜெறோம், முகம் ஒரு மாதிரி?" கழுத்து நோ என்றேன். இந்தக் கழுத்தால் ஒரு வசதி, எதற்கும் அதைச் சொல்லலாம்.

பிணைச்சல் வாங்க மறந்துவிட்டது.

19.01, சனி

மன்னார் பஸ் ஸ்ராண்டுக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடை. அன்ரனை வரச்சொன்னேன். வாசலில் இரண்டு கழுதைகள் வழியை மறித்துக்கொண்டு நின்றன. அவன் சப்பாத்தைக் காப்பாற்றிக்கொண்டு உள்ளே வர ஐந்து நிமிடம்.

நேரே கேட்டேன். அவனும் நேரே சொன்னான்.

"நீ அமத்தேல்லை எண்டு தெரியும் மச்சான். தெரிஞ்சுதான் போட்டனான். போடாட்டி ரெண்டு பேரையும் காம்ப் ஆபீசிலை காட்டிக்குடுப்பன் எண்டு ஓனர் சொன்னவன். என்ர பதிவும் போகும், உன்ர பதிவும் போகும். பிள்ளைக்கு அரிசி? கை எலும்பு கால் எலும்பு முறியும் எண்டு நினைச்சன். கழுத்து எண்டு நினைக்கேல்லை."

"எனக்கு ஒரு சொல்லு சொல்லியிருந்தா நானே நல்லா விழுந்திருப்பனே."

"சொன்னா அது உண்மையா இருக்காதெண்டு ஓனர்..."

எழுந்து அடிக்க வேண்டும் போலிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொள்ளவாவது வேண்டும். இந்தக் கழுத்தோடு முகத்தைத் திருப்புவதென்றால் கதிரையோடு சேர்த்து முழு ஆளும் திரும்ப வேண்டும். திரும்பினேன். கதிரை கிரீச்சிட்டது, கடையில் எல்லோரும் பார்த்தார்கள். பெடியன்கள் இரண்டு பேர் அவனோடு படம் எடுக்க வந்தார்கள். எடுத்தான். சிரித்துக்கொண்டு எடுத்தான்.

"நிரோஜாவை நான் விடமாட்டன் மச்சான். சத்தியமா."

எதை விடமாட்டாய், கையையா ஆளையா என்று கேட்காமல் வந்துவிட்டேன்.

20.01, ஞாயிறு

பூசை. சமாதானம் சொல்லும் நேரம் றீற்றா கை நீட்டினாள். சனம் பார்க்கும், கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நி. றெஸ்லிங் கொம்பனிப் படிவத்தைக் கொண்டுவந்தாள். போகாதே என்றேன். ஆளைத் தெரிந்த பிறகும் போவாயா என்றேன். "தெரிஞ்ச ஆளுப்பா. தெரியாத ஆளை விட பரவாயில்லைல்ல?" எங்கே கற்றாள் இந்தக் கதையெல்லாம்.

படிவத்தை வாங்கிப் பார்த்தேன். தாயின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது, றீற்றாவின் அந்தச் சின்ன எழுத்து. பக்கத்தில் திகதி: 11.01.2013.

பதினொன்று. என்னிடம் அறிவுரை கேட்டது பன்னிரண்டு.

ஆக எல்லாம் முடிந்த பிறகுதான் என்னிடம் கேட்டிருக்கிறாள். சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தவளுக்குத் தெரியும். பொங்கலுக்கு வந்து விடச் சொல்லிக் கேட்டவனுக்கும் தெரியும். நான் மட்டும் பட்டியல் எழுதினேன், நகம் வெட்டு என்று. மேடையில் தோற்றபோதாவது யார் வெல்லப்போவது என்று எனக்கு முதலே சொல்லுவார்கள்.

பகல் சாப்பிடவில்லை. றீற்றா இரண்டு தரம் கூப்பிட்டாள்.

21.01, திங்கள்

வள்ளங்கள் இறங்கிவிட்டன. கொம்பனியில் நெருக்கடி. நாலு மணிக்கு நி. அங்கேயே வந்தாள். நாளை காலை ஆறு மணி பஸ். தகப்பன் கையெழுத்துக் கட்டாயமில்லையாம், ஒருவர் போட்டால் போதுமாம்.

"பிறகு ஏன் என்னட்டைக் கேட்டனி?"

"நீங்க போன்னு சொல்லணும்னு ஆசையா இருந்துச்சுப்பா."

சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். ஐஸ் கட்டியைக் கொக்கியால் இழுத்துக்கொண்டிருந்தேன். அவள் போகவில்லை, மற்றப் பக்கத்தைப் பிடித்துத் தள்ளினாள். நாலு கட்டி அப்படி.

பிறகு கேட்டாள், "அப்பா, ஒரு நாள் அங்கயும் ஓனர் வந்து, அந்தப் பொண்ணுக்குச் சொல்லாம நெசமாவே போடுன்னு என்கிட்ட சொன்னா, நான் என்ன பண்ணணும்?"

என்னைப் போடுவார்களா என்று அவள் கேட்கவில்லை. அவள் கேட்டது மற்றது, தானே இன்னொருத்தியைப் போட வேண்டி வந்தால் என்று. பத்து நாளில் என்னிடம் கேட்ட உண்மையான கேள்வி அது ஒன்றுதான்.

"அண்டைக்கே பஸ் ஏறி வீட்டை வா. உடுப்பையும் எடுக்காதை. வா."

"சரிப்பா."

அன்றைக்கு அன்ரனுக்கு ஏறிப்போக ஒரு வீடு இருக்கவில்லை. காம்ப் அறை மட்டும்தான், அதுவும் ஓனரின் ஒரு வாய்ச்சொல்லில் தொங்கியது. சொன்ன பிறகுதான் அது எனக்குப் பட்டது. பட்டும் என்ன. மன்னிக்கமாட்டேன், அவனையும், றீற்றாவையும்.