எல்லாருக்கும் திறந்துவிட மாட்டேன்

நவம்பர் 11, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. பாபநாசம் பஸ்ஸில் தஞ்சாவூர் வரை நின்றுகொண்டே. கல்லூரிக்குப் பத்து நிமிஷம் லேட்.

நான் பார்த்துக்கொள்ளும் சர்வர் அறை வாசலில் தஸ்லிமா. முத்துப்பேட்டைப் பெண், எம்.எஸ்ஸி. தாவரவியல். வெளிநாட்டில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. சம்மதம் சொல்லக் கடைசி நாள் போன வெள்ளி. கடிதம் கல்லூரி மெயிலில், ஸ்பேமுக்குள். நேற்றுதான் பார்த்திருக்கிறாள். அழவில்லை.

"அவங்க முதல் மெயிலயே ஸ்பேம் இல்லன்னு குறிச்சேனே மேடம்."

குறித்திருக்கிறாள். ஏறவில்லை. எது குப்பை, எது நல்லது என்று ஸ்பேம் ஃபில்டர் கற்பதெல்லாம் ஒரே டேட்டாபேஸில். கல்லூரி முழுவதற்கும் பொது. மூன்று வாரமாக அதில் ஒரு வரி எழுதப்படவில்லை. சர்வரின் பதிவேடான லாக் முழுக்க 'அனுமதி இல்லை'. ஃபைல்கள் இப்போது ஃபில்டர் பெயரில் இல்லை, ரூட் பெயரில். சர்வரில் எதையும் செய்யக்கூடிய கணக்கு அது. பாஸ்வேர்டு இரண்டு பேரிடம்தான். நான், ஆபீஸ் மேனேஜர் ராஜகோபால் சார். மாறிய அன்று நான் லீவு, வேளாங்கண்ணியில்.

நவம்பர் 12, புதன்

மேனேஜர் ஒத்துக்கொண்டார். குப்பை மெயில் தொல்லை தாங்காமல், ரூட்டில் புகுந்து தானே ஃபில்டருக்குக் கற்றுக்கொடுத்தாராம். அதில்தான் ஃபைல்கள் ரூட் பெயருக்கு மாறி, ஃபில்டரால் எழுத முடியாமல் போனது. எண்ணம் கெட்டதில்லை. அடுத்துச் சொன்னதுதான்.

"அந்த ஃபைல எல்லாருக்கும் திறந்துவிட்டுடுங்கம்மா. அஞ்சு நிமிஷ வேலை."

மாட்டேன் என்றேன். திறந்துவிட்டால் சர்வரில் கணக்குள்ள யாரும் அதை அழிக்கலாம். பிடிக்காத வாத்தியாரின் மெயிலைக் குப்பை என்று பழக்கலாம்.

வெளிநாட்டுக்கு அனுப்ப தஸ்லிமாவுக்குக் கல்லூரிக் கடிதம் வேண்டும், பிழை நம்முடையது என்று. மாணவி மெயில் பார்க்கவில்லை என்று எழுதச் சொன்னார் மேனேஜர். அதற்கும் மாட்டேன்.

மத்தியானம்:
– ஃபில்டரை நிறுத்தி, டேட்டாபேஸுக்கு நகல்
– ஃபைல்கள் மறுபடி ஃபில்டர் பெயருக்கு
– மெயில் வேலைக்கு மட்டும் அனுமதி தரும் ஒரு குரூப்; புது ஃபைலும் அதிலேயே விழும்படி ஃபோல்டர்
– மற்றவர்களுக்கு எந்த அனுமதியும் கிடையாது

நாலு மணிக்கு முதல் வரி ஏறியது. டீ ஆறியிருந்தது. குடித்தேன்.

நவம்பர் 13, வியாழன்

கடிதம் நானே எழுதினேன். மூன்று வரி. பிழை எங்கள் சர்வரில், மாணவி மேல் தவறில்லை. கூடவே லாக் பக்கம். மேனேஜர் வழியாக அனுப்பாமல் நேரே முதல்வர் அறைக்கு. வேலை போனால் போகட்டும். வீட்டில் சொல்லவில்லை.

முதல்வர் மேடம் இரண்டு தடவை படித்தார். யார் செய்தது என்றார். சொன்னேன், தெரியாமல் செய்தது என்பதையும் சேர்த்து.

"இது வெளிய போனா கல்லூரிக்குக் கெட்ட பேருங்க."

"போகலன்னா அந்தப் பொண்ணுக்கு, மேடம்."

அவர் பேனா எழுதவில்லை, என்னுடையதை வாங்கிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். பேனா திரும்பி வரவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

நேற்றே போன கடிதத்துக்கு வெளிநாட்டிலிருந்து தஸ்லிமாவுக்குப் பதில், இன்பாக்ஸுக்கே. இடம் இருக்கிறதாம், திங்களுக்குள் சம்மதம் வேண்டும். லேபிலேயே உட்கார்ந்து அனுப்பினாள். "அத்தாட்ட சொல்லிட்டு வந்துடுறேன் மேடம்" என்று அப்பாவை அழைக்கப் போனோடு வராந்தாவுக்கு ஓடினாள். அங்கேதான் அழுதாள்.

முதல்வரிடம் சொல்லிவிட்டு ரூட் பாஸ்வேர்டை மாற்றினேன். மூன்று மணிக்கு மேனேஜர் வந்து புதுப் பாஸ்வேர்டைக் கேட்டார். எதற்கு என்று எழுதித் தாங்க சார் என்றேன்.

நான் கிளம்பிய ஐந்தரை வரை அவர் எழுதித் தரவில்லை.