நான் நேராக்கிய வால்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதுகிறேன். நானும் உங்கள் மனைவியும் இங்கே சுகம். அங்கே உங்கள் உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும். அத்தை கடிதம் எழுதுகிற ஆளே இல்லையே, என்ன ஆச்சோ என்று பதற வேண்டாம். ஒன்றும் ஆகவில்லை. போனில் பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே உங்களைத் திருத்த ஆரம்பித்துவிடுவேன். எழுதினால், அனுப்புவதற்கு முன் என் வாயை நானே ஒரு தடவை படித்துப் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?

இந்த மாதக் கடைசியில் அங்கே நீங்கள் வேலை பார்க்கிற தொழிற்சாலையில் இன்னும் மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம் போடப் போகிறீர்கள் என்று இவள் சொன்னாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, ஏற்கெனவே கழுவி வைத்திருந்த தட்டை எடுத்து மறுபடியும் கழுவினாள். நீங்கள் கையெழுத்துப் போடுவதற்குள் இந்தக் கடிதம் வந்து சேர வேண்டும் என்றுதான் அவசர அவசரமாக எழுதுகிறேன். இவளுக்குத் தெரியாது.

எட்டு மாதத்துக்கு முன்னால் சாப்பாட்டு மேசையில் நான் பேசியது உங்களுக்கு மறந்திருக்காது. மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று நாலு பேர் கேட்டால், தூண்டிலில் மாட்ட ரப்பர் புழு செய்கிறார் என்றா சொல்வது என்று கேட்டேன். நீங்கள் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தீர்கள். அடுத்த மாதம் பெட்டியோடு கிளம்பிவிட்டீர்கள்.

நீங்கள் போய் மூன்று மாதம் கழித்து, தூண்டில் கடைக்காரர் நான் பல்செட் செய்கிற பட்டறைக்கே வந்துவிட்டார். உங்கள் பூண்டு வாசனைப் புழு இருக்கிறதா, ஆட்கள் வந்து கேட்டு உயிரை வாங்குகிறார்கள் என்றார். நான் உடனே, இருக்கிறது, அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். முப்பது வருஷமாக மனுஷர் வாய்க்குப் பல் வார்க்கிறவளுக்கு மீன் வாய்க்கு ஒரு புழு வார்ப்பது பெரிய வித்தையா என்கிற திமிர்தான், வேறென்ன.

கட்டிலுக்கடியிலிருந்து நீங்கள் விட்டுப்போன புழு வேலைப் பெட்டியை இழுத்தேன். பிளாஸ்டர் அச்சு இரண்டாக உடைந்து கிடந்தது. நீங்கள் மெழுகில் செதுக்கிய மூலப் புழு மட்டும் துணியில் சுற்றிப் பத்திரமாக இருந்தது. எடுத்துப் பார்த்தால் வால் இடது பக்கமாகக் கோணியிருக்கிறது. கோணலைக் கண்டால் என் கை சும்மா இருக்குமா? விளக்கில் லேசாகச் சூடு காட்டி, சுரண்டி, அளவுகோல் வைத்து நேராக்கிவிட்டேன். உங்களைவிட நன்றாகச் செய்துவிட்டதாக மனசுக்குள் ஒரு பெருமை வேறு.

மற்றதெல்லாம் பெட்டியிலிருந்த உங்கள் நோட்டுப்படியேதான் செய்தேன். புது அச்சு எடுத்து இரண்டு நாள் காயவைத்து, அதன் நுண்துளைகளைப் பசை பூசி மூடினேன். ஈரம் இருந்தால் கொதிக்கிற பிளாஸ்டிக் முகத்தில் தெறிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜன்னலைத் திறந்து, கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு பால் மாதிரி இருந்த உங்கள் பிளாஸ்டிக் திரவத்தைச் சூடாக்கினேன். முதலில் பசையாக இறுகி, அப்புறம் கண்ணாடி போலத் தெளிந்து இளகியது. பார்க்க எவ்வளவு அழகு. சூட்டில் பறந்துவிடும் என்பதால் வாசனையைக் கடைசியில் சேர்க்கச் சொல்லி எழுதியிருந்தீர்கள். கடைசியில்தான் சேர்த்தேன். ஆனால் கைப்பழக்கத்தில் அலமாரியிலிருந்த கிராம்பு எண்ணெயை எடுத்து ஊற்றிவிட்டேன். வருஷக்கணக்கில் அதிலேயே கிடக்கிற மூக்குக்கு அது உறைக்கவே இல்லை. கடைக்காரர் ஒரு புழுவை மோந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, மீனுக்கெல்லாம் பல்வலியா?" என்று கேட்டார்.

அடுத்த முறை பூண்டேதான் போட்டேன். பட்டறை முழுக்கப் பூண்டு. மறுநாள் பல் டாக்டர் போன் செய்து, நான் அனுப்பிய பல்செட்டில் பூண்டு வாசம் வருகிறதே என்றார். ஆனால் அதைப் போட்டுக்கொண்ட பெரியவர், சாப்பாடு ரொம்ப நாளைக்கப்புறம் ருசிக்கிறது, அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாராம். இப்போது புழு வேலையை வெளித் தாழ்வாரத்துக்கு மாற்றிவிட்டேன்.

ஒரு வாரத்தில் பூண்டுப் புழுக்களும் அப்படியே திரும்பி வந்தன. மீன் கிட்டே வருகிறது, பார்க்கிறது, கடிக்காமல் போய்விடுகிறது என்றார் கடைக்காரர். நம்பாமல் அவரோடு ஏரிக்கரைக்குப் போனேன். மரப்பாலத்தில் நின்று என் புழுவைக் கட்டித் தண்ணீரில் இழுத்துக் காட்டினார். ஆணி மாதிரி விறைப்பாக வந்தது. "அவரோடது நெளிஞ்சு நெளிஞ்சு வரும்மா, உசிரு இருக்கிற மாதிரி" என்றார். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அந்த வால் கோணலாகப் போன வால் இல்லை, கோணலாகச் செய்த வால். அதைத்தான் நான் சுரண்டிக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

இவளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே போய் மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடுத்து வந்தாள். அதற்குள் உங்கள் புழு ஒன்று, பச்சை நிறம், பளபளப்புத் தூள் போட்டது. நீங்கள் கிளம்புகிற அன்று வார்த்த கடைசிப் புழுவாம். பல்லுக்கு எடுக்கிற மாதிரி அதற்கு நான் அச்சு எடுத்து முடிக்கிறவரை என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தபடியே நின்றாள். "அம்மா, பாத்து, பாத்து" என்று நூறு தடவை சொல்லியிருப்பாள். வால் ஏன் அப்படி என்று மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். "நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு" என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுப் புழுக்களை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் ஏரிக்குப் போனோம். என் தூண்டிலை இவள்தான் வீசிக் கொடுத்தாள். நாலாவது இழுப்பில் கைப்பிடி கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. நான் போட்ட கத்தலில் அக்கரையில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். என் முழங்கை நீளத்துக்கு ஒரு விரால். இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எட்டு மாதம் ஆகிறது. மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டோம். என்ன புழு, யார் செய்தது என்று பக்கத்திலிருந்தவர்கள் வந்து கேட்டார்கள். என் மாப்பிள்ளை செய்தது என்றேன். கேட்காதவர்களிடமும் போய்ச் சொன்னேன்.

கடைக்காரர் இன்னும் இரண்டு ஊர்க் கடைகளுக்கும் சேர்த்துக் கேட்கிறார். எனக்கு ஒரு வாலைப் பார்த்து அப்படியே எடுக்கத்தான் தெரியும், புதுசாக ஒன்றை நினைத்துச் செதுக்கத் தெரியாது. தாழ்வாரத்தில் மேசை போட்டு, புகை போகக் காற்றாடி மாட்டியிருக்கிறேன். நாற்காலி உங்கள் உயரத்துக்கு வாங்கியது, எனக்குக் கால் எட்டவில்லை.

மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. உங்கள் மாமா இருந்தவரை எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே கேட்டுவிடுவார். அதனால் எப்படி எழுதுவது என்று தெரியாமல் இந்த இடத்தில் வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

வந்துவிடுங்கள் என்பது என் ஆசை. அங்கேதான் நிம்மதி என்று உங்களுக்குத் தோன்றினால் அதையும் குறை சொல்ல மாட்டேன், தாராளமாகக் கையெழுத்துப் போடுங்கள். ஆனால் ஒரு தடவை வந்து இவளைக் கூட அழைத்துக்கொண்டு போங்கள். அம்மாவுக்கு முழங்கால் முடியவில்லை, எப்படி விட்டுவிட்டுப் போவது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். முழங்கால் சரியாகி மூன்று மாதம் ஆகிறது, மாப்பிள்ளை. நான்தான் அவளிடம் சொல்லவில்லை. நாளைக் காலையில் சொல்லிவிடுவேன்.

எங்கே இருந்தாலும் இரண்டு பேரும் ஒரே வீட்டில் நல்லபடியாக இருங்கள்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
அத்தை