சம்பங்கி கையில் போடாத ஊசி

தளி,
12-3-1956

சிரஞ்சீவி தீர்த்தகிரிக்கு அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே நாங்கள் நால்வரும் சௌக்கியம், அந்த ஜாம்ஷெட்பூர் வெயிலில் நீ எப்படி இருக்கிறாயோ என்றுதான் கவலை. நான் சொல்லச் சொல்ல உன் தங்கை முனிலட்சுமி எழுதுகிறாள். பி.ஏ. முடித்த பெண்ணிடம் இதைச் சொல்ல எனக்கும் கூச்சம், அவளும் தலை நிமிராமல் எழுதுகிறாள்.

பெரியப்பா மகள் காவேரிக்குப் போன வெள்ளிக்கிழமை வளைகாப்பு. நம் மருமகள் சம்பங்கி சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள். உன் சென்னம்மா அத்தை எல்லோர் முன்னாலும், நீ தள்ளி நில்லு புள்ள, ஊசி மேல ஊசி குத்தியும் ஒண்ணும் நிக்கல, உங் கை எதுக்கு இங்க என்று கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டாள். சம்பங்கி என்னைப் பார்த்தாள். நான் பூத்தட்டைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். அந்தப் பேச்சைக் கிளப்பியவளே நான்தான் கண்ணு. பெங்களூர் டாக்டர், ஆண்களுக்குச் சுரக்கவேண்டிய நீர் உன் உடம்பில் குறைவு, சிறுவயதில் வந்த பொன்னுக்குவீங்கியால் இருக்கலாம், ஊசி போட்டால் சோர்வு போய்த் தெம்பு வரும், குழந்தைக்கு மட்டும் உறுதி சொல்லமுடியாது என்றாரே, அந்த ஊசியைப் போட, நீ லீவில் இங்கே வந்திருந்தபோது கம்பவுண்டர் கௌஸ் பாஷா சைக்கிளில் வருவார். யாருக்கு என்று கேட்டவர்களிடமெல்லாம் மருமகளுக்கு என்றேன். அவர் போனதும் அவளை வாசலில் ஊசி போட்டுக்கொண்டவள்போல் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்கச் சொன்னேன். உன்னிடம்கூடச் சொல்லாமல் நின்றாள்.

நேற்று அத்தை, தன் கடைசி மகளை உனக்கு இரண்டாந்தாரமாகக் கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்துவிட்டாள். சம்பங்கி உள்ளே அவளுக்குத்தான் காப்பி கலந்துகொண்டிருந்தாள். முனிலட்சுமி என் காதோடு, ஊசி அண்ணனுக்கு, பேச்சு அண்ணிக்காம்மா என்றாள். இதை எழுதமாட்டேன் என்கிறாள், நான்தான் எழுதச் சொன்னேன். அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. ஊசி எம் மவனுக்குப் போட்டது, இவ மேல ஒரு குத்தமும் இல்ல என்று சொல்லிவிட்டேன். அத்தை காப்பியைத் தொடாமல் எழுந்து போனாள். இந்நேரம் சந்தை வரைக்கும் பேச்சு போயிருக்கும். உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் உன் மானத்தைத் தெருவில் போட்டுவிட்டேன் சாமி. வேறு யாரும் சொல்லி நீ கேட்கக்கூடாது என்றுதான் இன்றே எழுதச் சொன்னேன். கோபம் வந்தால் என்மேல் வரட்டும், வெட்கப்பட்டு ஊசியை மட்டும் நிறுத்திவிடாதே, வேளைக்குச் சாப்பிடு. குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் எழுது, அப்பா சம்பங்கியைக் கொண்டுவந்து விடுவார்.

உனக்கு என்ன எழுதட்டும் என்று அவளைக் கேட்டேன். இனிமே நான் கையத் தேச்சிக்கிட்டு நிக்க வேணாமில்ல அத்தே என்று சிரித்தாள். பிறகு உள்ளே போனவள் இன்னும் வெளியே வரவில்லை.

நீங்கள் இருவரும் சேர்ந்து நன்றாயிருக்க வேண்டும். பதில் எனக்கு எழுதாவிட்டாலும் அவளுக்கு எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
மாதம்மாள்