ஆர்க்கிட்டுக்கு ஒத்துக்கொள்ளாத வீடு

பிப்ரவரி 9, திங்கள்

இன்று கீழ்ப்பல் செட் இரண்டு, மேல்செட் ஒன்று முடித்துக் கொடுத்தேன். மேல்செட் மறுபடியும் திரும்பி வந்துவிட்டது. சிரித்தால் குதிரை மாதிரி இருக்கிறதாம்.

வீட்டுக்கு வந்தால் ஜட்ஜம்மா குளியலறை ஜன்னலோரம் ஆர்க்கிட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஜட்ஜம்மா என் மனைவியின் மகள், வயது பதின்மூன்று. (இந்தப் பட்டப்பெயர் இந்த நோட்டுக்குள் மட்டும்.) அம்மாவும் மகளும் என் வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. ஆர்க்கிட்டும் கூடவே வந்தது. டம்ளர் அளவு தொட்டி, கட்டைவிரல் நகம் அளவு இலைகள். பழைய வீட்டில் இரண்டு தடவை பூத்ததாம். இங்கே வந்ததிலிருந்து சுருங்கிக்கொண்டே போகிறது.

"என்னம்மா ஆச்சு அதுக்கு?" என்றேன்.

"இந்த வீடு அதுக்கு ஒத்துக்கல போலிருக்குங்க."

செடியைத்தான் சொன்னாள். செடியைத்தானே?

பிப்ரவரி 11

அம்மாவை 'நீ' என்கிறாள். சண்டை முற்றினால் 'போடி' வரைக்கும் போவாள். போனில் அவள் அப்பாவையும் 'நீ'தான். எனக்கு மட்டும் 'நீங்க'. சாப்பிட்டீங்களா, வந்துட்டீங்களா, தேங்க்ஸ்ங்க. என்னிடம் பல் செட் வாங்கியவர்கள்கூட இவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை.

'அப்பா' எல்லாம் வேண்டாம். அந்த இடத்தில் ஆள் இருக்கிறார், நன்றாகவே இருக்கட்டும். ஒரே ஒரு 'நீ' போதும் எனக்கு. ஆனால் இதைப் போய் எப்படிக் கேட்பது? கேட்டு வாங்குகிற சாமானா இது?

பிப்ரவரி 20

பள்ளி முகாம், பத்து நாள். கிளம்பும்போது, "வாரத்துக்கு ஒரு தடவ செடிய நனைச்சா போதுங்க" என்றாள். என்னிடம் சொன்னாள். என்னிடம்!

பிப்ரவரி 25

இலை துவண்டு கிடக்கிறது. கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றினேன்.

பிப்ரவரி 26

நேற்று ஊற்றியது பற்றவில்லை போல. இன்றும்.

மார்ச் 1

தொட்டியிலிருந்து குப்பென்று வாடை. தூக்கிப் பார்த்தால் வேரெல்லாம் பழுப்பாக, கூழாக. தண்ணீர் இல்லையென்றாலும் இலை துவளும், வேர் அழுகினாலும் அதே மாதிரி துவளுமாம். இதை இப்போதுதான் படிக்கிறேன், முந்திரிக்கொட்டை நான். தினம் தினம் நானே ஊற்றிக் கெடுத்திருக்கிறேன்.

"பாசம் பொத்துக்கிட்டு ஊத்திடுச்சாக்கும்" என்றாள் என் மனைவி. சிரிப்பு வரவில்லை எனக்கு.

மார்ச் 2

முகாமிலிருந்து அவள் வந்ததும் வராததுமாக ஒப்புக்கொண்டுவிட்டேன். "தப்பு என்னோடதும்மா. நான்தான் தினமும் ஊத்தினேன்." தொட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"பரவாயில்லைங்க."

அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சத்தமே வராமல். படாரென்று அறைந்திருந்தால் தேவலை.

மார்ச் 3

வேலையிடத்திலிருந்து சின்னக் கத்தரிக்கோல், இடுக்கி, பூதக்கண்ணாடி விளக்கு எல்லாம் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் கடை விரித்தேன். அவள் தூரத்தில் நின்றாள். மூன்றாவது வேரில் கத்தரியை வைத்தபோது, "ஐயோ, அது நல்ல வேருங்க!" என்று ஓடி வந்தாள். "அமுக்கிப் பாருங்க. கெட்டியா இருந்தா விட்டுடணும்."

அவள் அமுக்க அமுக்க, நான் வெட்டினேன். மிஞ்சியது இரண்டு வேர். வெட்டிய இடத்தில் லவங்கப்பட்டைப் பொடி தடவச் சொன்னாள், அழுகல் பரவாதாம். ஈரப் பாசியைச் சுற்றி, பல் செட் அனுப்புகிற கண்ணாடி மாதிரி டப்பா ஒன்றில் வைத்து, மூடியில் இரண்டு ஓட்டை போட்டேன்.

"பல்லு டப்பாவா!" என்று சிரித்தாள். உடனே நிறுத்திக்கொண்டாள்.

மார்ச் 19

ஒரு இலை உதிர்ந்தது. மிச்சம் மூன்று.

ஏப்ரல் 4

சாகவில்லை. பிழைக்கவும் இல்லை. காலையில் இரண்டு பேரும் பல் துலக்கிக்கொண்டே டப்பாவைப் பார்க்கிறோம். வாய் நிறைய நுரை, பேச்சே கிடையாது. எனக்கு அந்த இரண்டு நிமிஷம் ரொம்பப் பிடித்திருக்கிறது.

அடிக்கடி மூடியைத் திறக்கிறேன் என்று மட்டும் புகார். "தொடாம இருங்க ப்ளீஸ்."

ஏப்ரல் 21

போனில் அவள் அப்பாவிடம் சொல்வது காதில் விழுந்தது: "இல்ல, செத்துப் போகல. இவங்க ஆபரேஷன் பண்ணாங்க."

இவங்க. சரி, 'அந்த ஆளு' இல்லையே.

மே 3, ஞாயிறு

எழுத்து கோணலாக வருகிறது.

காலையில் அடி இலைக்குக் கீழே எள் அளவு பச்சையாக ஒரு முனை. புது வேர்! போட்ட கூச்சலில் ஜட்ஜம்மா படுக்கையிலிருந்து ஓடி வந்தாள். நான் சும்மா இருந்தேனா? மூடியைத் திறந்து, பல் செட்டுக்கு மெழுகு செதுக்குகிற கம்பியை நீட்டி, "இதோ பாரு, இங்க" என்று காட்டப் போனேன். டக். முனை ஒடிந்து கம்பியில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"உனக்கு அறிவே கிடையாதா? தொடாத தொடாதன்னு எத்தன தடவ சொன்னேன்! ஒரு நாளாவது கைய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா நீ?"

சமையலறையிலிருந்து அவள் அம்மா, "ஏய்! யாரப் பாத்து என்ன பேச்சு இது? மரியாதையா பேசு!"

"வேணாம்!" என்று கத்திவிட்டேன். இந்த வீட்டில் நான் இவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். "அவள ஒண்ணும் சொல்லாத. திட்டட்டும்."

எனக்குக் கண் கலங்கியிருந்தது. ஒடிந்த வேருக்காக என்று ஜட்ஜம்மா நினைத்தாள் போலிருக்கிறது. அதற்கும்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கம்பியை என் கையிலிருந்து பிடுங்கித் தூர வைத்தாள். குனிந்து டப்பாவுக்குள் வெகுநேரம் பார்த்தாள்.

"சரி விடு. இன்னொண்ணு வரும்" என்றாள். "தள்ளு, வெளிச்சத்த மறைக்கற."

தள்ளி நின்றேன்.