உன் கையால் தோற்ற ஆட்டம்

மச்சான்,

உன் அட்டைகள் கிடக்கும் பிஸ்கற் டின்னைத் திறந்தால் இன்னமும் உன் தைல மணம் வருகிறது. ஆட்டக்காரரின் கெண்டைக்காலில் நீ தேய்த்துவிடுகிற அந்தப் பச்சைத் தைலம். தேய்த்த கையைத் துடைக்காமலே எனக்கு அட்டை எழுதியிருக்கிறாய். பழைய அட்டைகளின் ஓரத்தில் உன் பெருவிரல் எண்ணெய்க் கறையாக நிற்கிறது.

இந்த மடலை நான் என் கையாலேயே எழுதுகிறேன். சிரிக்காதே. நேற்று ‘ஆட்டக்காரர்’ என்ற சொல்லை எழுதி முடித்துவிட்டு எழும்பிப் போய்த் தேத்தண்ணீர் போட்டுக் குடித்தேன். அவ்வளவு சந்தோசம். எழுபத்திரண்டு வயதில் எழுத்துக் கற்றவனுக்குத்தான் அந்தச் சந்தோசம் தெரியும். லண்டன் டூட்டிங்கில் பஸ்ஸால் இறங்கினால் நகைக்கடை, புடைவைக்கடை, மீன்கடை என்று பலகைகளை எல்லாம் வாய்விட்டு வாசிக்கிறேன். “அப்பா, ப்ளீஸ், எல்லாரும் பாக்கினம்” என்கிறாள் மகள். பார்க்கட்டும். மீன்கடைப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் இருபது வருடம் அந்தக் கடையில் மீன் வாங்கியவன் நான்.

அந்த நாளில் உனக்கு மட்டும்தான் அந்தக் குறை தெரிந்திருந்தது. நாங்கள் அசூல் என்று தஞ்சம் கேட்டுப் போன அந்தச் சின்ன ஜெர்மன் ஊரில், ஹைம் என்று சொல்லும் அகதி விடுதியில், உன் கட்டிலும் என் கட்டிலும் ஒரே ஜன்னலுக்குக் கீழே இருந்தன. ஜன்னலுக்கு வெளியே உதைபந்து மைதானம். எங்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. நாள் முழுக்க அந்தப் புல்லைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம். ஒருநாள் நீ வேலியால் எட்டி, புல் வெட்டும் கிழவரிடம் கையாலும் காலாலும் கதைத்து, எங்கள் இருவருக்கும் சம்பளமில்லாத வேலை பிடித்துவிட்டாய். உனக்கு உடுப்புத் தோய்ப்பதும் தைலம் தேய்ப்பதும். எனக்குக் கோல் பலகை.

அந்தப் பலகை எவ்வளவு அழகு! நாலு இரும்புக் கால், ஓர் ஏணி, கொளுக்கியில் மாட்டுகிற தகர இலக்கங்கள். கோல் விழுந்தால் ஏறிப் பழைய இலக்கத்தைக் கழற்றிப் புதியதை மாட்ட வேண்டும். சின்ன வயதில் மீன் ஏலத்தில் நின்ற எனக்கு இலக்கம் தெரியும். எழுத்துத்தான் எந்த மொழியிலும் தெரியாது. விருந்தினர் அணியின் பெயர்ப்பலகையை ஆட்கள் வருமுன் நீ வந்து மாட்டிவிட்டுப் போவாய். ஒரு ஞாயிறு நீ காய்ச்சலில் படுத்துவிட்டாய். நான் போன கிழமைப் பலகையையே மாட்டிவிட்டேன். வந்த அணியின் ஆட்கள் கத்த, கிழவர் ஏணியடிக்கு ஓடிவர, நீ போர்வையைச் சுற்றிக்கொண்டு மைதானத்துக்குள் வந்து நின்றாய். “நான்தான் மாத்திச் சொன்னனான்” என்று அரைகுறை ஜெர்மனில் சொல்லி அந்த ஏச்சு முழுவதையும் வாங்கினாய். பிறகு என்னைப் பார்த்து, “விசரா, சந்தேகம் எண்டால் மழை எண்டு சொல்லிப் பலகையைச் சாக்கால மூடு” என்றாய். அன்றைக்கு நல்ல வெயில்.

பிறகு எங்கள் கிளப் ஏறத் தொடங்கியது. ஊரின் கூரை ஓட்டுத் தொழிற்சாலை முதலாளிக்கு உதைபந்தில் பைத்தியம் பிடித்தது. நல்ல ஆட்டக்காரர் வந்தார்கள். மூன்று தரம் மேல் லீக்குக்கு ஏறினோம். வேலியோரம் இடமில்லாமல் சனம் மரத்தில் ஏறி நின்றது. எனக்கு இன்னொரு ‘3’ தகரம் தேவைப்பட்டு, கிழவர் தகரம் வெட்டிப் புதிதாகச் செய்து தந்தார். ஆனால் அகதிகள் மாவட்ட எல்லை தாண்டக் கூடாது என்ற சட்டத்தால், எங்கள் கிளப் வெளியூரில் ஆடியதை நாங்கள் இருவரும் ஒருநாளும் பார்த்ததில்லை. ஞாயிறு பின்னேரம் பஸ் திரும்பும் சந்தியில் போய் நிற்போம். ஆட்டக்காரர் கண்ணாடிக்குப் பின்னால் விரல்களைக் காட்டுவார்கள். ஒரு கை எங்களுக்கு, மறு கை அவர்களுக்கு. இரண்டு, ஒன்று. நீ ரோட்டில் நின்று துள்ளுவாய்.

விசா கிடைத்தது. மனிசியும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். எல்லை தாண்டலாம் என்று ஆன வருடம் தொழிற்சாலை மூடியது. நல்ல ஆட்டக்காரர் ஒவ்வொருவராகப் போனார்கள். சில வருடத்தில் நானும் குடும்பத்தோடு லண்டனுக்குப் போனேன்.

ஸ்டேசனில் நீ சொன்னது இன்னமும் காதில் நிற்கிறது.

“கிளப் கீழ போகேக்கை எல்லாரும் போறாங்கள்தானே. நீயும் போ.”

“டேய், பிள்ளையளுக்கு இங்கிலிஸ் வேணும் எண்டு மனிசி நிக்கிறா. நான் என்ன செய்ய?”

“நான் ஒண்டும் சொல்லேல்லையே. போ எண்டுதானே சொல்லுறன்.”

எனக்கு ரோசம் வந்துவிட்டது. “திரும்ப ஒரு லீக் ஏறட்டும், மச்சான். ஏறின கிழமையே வாறன். நானே பலகையில ஏறி இலக்கம் மாட்டுறன்.”

“சத்தியமோ?”

“சத்தியம்.”

ஊரில் சண்டையில் ஷெல் விழுந்து உன் காதுகள் பழுதானதால் வாயைப் பார்த்துத்தான் உனக்குப் பேச்சு விளங்கும், போன் சரிவராது. “உனக்கு எழுத்துத் தெரியாது, எனக்குக் காது கேளாது. நல்ல சோடி” என்று சிரித்தாய். “இலக்கம் அனுப்புறன். அது உனக்கு விளங்கும்.”

அப்படியே அனுப்பினாய். ஒவ்வொரு கிழமையும் ஒரு தபாலட்டை. நடுவில் பெரிதாக இரண்டு இலக்கம், முதலாவது எங்களுடையது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் தமிழில் ஒரு வரி. முதல் அட்டைகளை மனிசி வாசித்துச் சொன்னாள். எதிரணியின் பெயர். அதற்குப் பிறகு நான் அந்த வரியைப் பற்றிக் கேட்கவில்லை. அடுத்த வருடமே அவள் போய்ச் சேர்ந்தாள். பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நோர்பரி வீட்டில் உன் அட்டையில் எனக்கு மிஞ்சியது அந்த இரண்டு இலக்கம்தான்.

நான் உனக்கு அனுப்பியதும் இலக்கம்தான். அடுத்த ஆட்டத்துக்கு நான் கணித்தது. உன் விலாசத்தை மகள் ஸ்டிக்கராக அடித்துத் தந்திருந்தாள். லண்டன் படம் போட்ட அட்டையில் ஒட்டி, 2 – 0 என்றோ 3 – 1 என்றோ எழுதிப் போடுவேன். ஒருநாளும் தோல்வி கணித்ததில்லை. ஒருநாளும் சரிவந்ததும் இல்லை. 0 – 4 வந்தது. 1 – 6 வந்தது. ஒரு மாரியில் 0 – 9 வந்தது. அந்த ஒன்பதை நீ எவ்வளவு நேரம் எடுத்து எழுதியிருக்கிறாய் என்று மையைப் பார்க்கத் தெரிந்தது.

பிறகு அதிசயம் நடந்தது. நான் 2 – 0 என்று எழுதினேன், 2 – 0 வந்தது. 3 – 1 எழுதினேன், 3 – 1 வந்தது. டூட்டிங் தேத்தண்ணீர்க் கடைக்கு அட்டைகளைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

“ஐயா, உங்களை லொத்தர்ச் சீட்டுக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும்” என்றான் கடைக்காரத் தம்பி.

“இது லொத்தர் இல்லையடா. எனக்கு அந்தக் கிளப்பின்ர நாடி தெரியும்.”

“அப்ப என்ன, திரும்ப மேல வருகுதோ?”

“வருகுதோவோ? பார் இருந்து!”

ஒருமுறை 4 – 0 கணித்தேன், 4 – 1 வந்தது. கோல்காப்பாளனை ஏசினேன். வெற்றிக்கு மேல் வெற்றி. கடைசி ஆட்டம் வென்றால் லீக் ஏறுவோம் என்று என் கணக்குக்குப் பட்டது. அலுமாரிக்கு மேலிருந்து பெட்டியை இறக்கினேன். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தேன். உனக்கென்று இரண்டு போத்தல் கறித்தூளைத் துணியில் சுற்றி வைத்தேன். கடைசி ஆட்டத்துக்கு 2 – 0 என்று எழுதிப் போட்டேன்.

0 – 1 வந்தது.

“நடுவர் கள்ளன்” என்றேன். மகள் பெட்டியைத் திரும்ப மேலே ஏற்றினாள். ஏறவில்லை என்றால் போவதில்லை. அதுதானே பேச்சு. ரோசக்காரன் நான். அடுத்த வருடத்து முதல் ஆட்டத்துக்கு 5 – 0 என்று எழுதி அனுப்பிவிட்டு இருந்தேன்.

பதில் வரவில்லை. மாரியில் ஒரு பார்சல் வந்தது. நீ வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் அனுப்பியது. கூட வந்த ஜெர்மன் கடிதத்தை மகள் வாசித்துச் சொன்னாள்: நீ ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாய், நகரசபை அடக்கம் செய்துவிட்டது, இந்த அட்டைகள் உன் சுவரில் ஒட்டியிருந்தன. எல்லாம் நான் அனுப்பிய இலக்கங்கள். பின்பக்கம் பசை காய்ந்து கிடந்தது. மேலே இருந்த 5 – 0 இல் மட்டும் பசை இல்லை.

உன் அட்டை நின்ற பிறகு எனக்குக் கிழமைகள் பிடிபடவில்லை. மகள்தான் பக்கத்து ஊரான சட்டனில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் கொண்டுபோய் இருத்தினாள். “ஐயா, என்ன வாசிக்க ஆசை?” என்று ரீச்சர் கேட்டா. “எங்களுக்கு ஒன்பது கோல் அடிச்ச பரதேசியளின்ர பேர் தெரியவேணும்” என்றேன். வகுப்பே சிரித்தது. உண்மையில் அதற்குத்தான் படித்தேன், மச்சான். போன மாதம் எனக்கு எழுத்துக் கூட்ட வந்தது. டின்னைத் திறந்து, கண்ணாடி போட்டு, ஒரு குழந்தையைப் போல ஆசையோடு இருந்தேன்.

ஒரு வரிக்கு அரைமணி நேரம் பிடித்தது. முதலில் பெயர்கள்தான். ஒன்பது கோல் அடித்தவர்களின் பெயரைக் கண்டுபிடித்து நல்லாக ஏசினேன். அதற்கு அடுத்த அட்டையில் பெயர் இல்லை. “இண்டைக்குப் பதினொரு பேர் சேரேல்லை.” அதற்கு அடுத்தது, நான் கணித்தது முதன்முதலாகச் சரிவந்த அந்த 2 – 0. அதன் கீழே: “கிளப் முடிஞ்சுது. சாவியைக் குடுத்திட்டன். இது நீ கேட்ட இலக்கம்.”

நான் திரும்பவும் எழுத்துக் கூட்டினேன். பிழையாக வாசிக்கிறேன் என்று நினைத்தேன். இல்லை. அதற்குப் பிறகு வந்த எல்லா வெற்றியும் நான் கேட்டவை. கேட்டபடி நீ தந்தவை. “4 – 0 கேட்டாய். அவங்களுக்கும் ஒண்டு குடுக்கிறன், இல்லாட்டிச் சந்தேகப்படுவாய்.” “பலகையைப் பழைய இரும்புக்காரன் ஏத்திக்கொண்டு போறான்.” “மைதானத்தில சுப்பர்மார்க்கற். பெனால்ற்றி அடிக்கிற இடத்தில பால் போத்தல் அடுக்கியிருக்கு.” “சர்க்கரை கூடிப்போச்சு. கால் எடுக்கவேணுமாம்.” இதை எல்லாம்தான் கடையில் நான் ஒருவர் கையிலும் கொடுக்காமல் தூக்கிப்பிடித்துப் பெருமையாகக் காட்டிக்கொண்டு திரிந்தேன். அந்தத் தம்பி சின்ன வயதிலேயே லண்டன் வந்து வளர்ந்தவன். அவனுக்கும் தமிழ் வாசிக்க ஏலாது.

கடைசி அட்டையை இரண்டு நாள் வாசித்தேன். 0 – 1. அதில் ஒரு வரி இல்லை, ஓரம் முழுக்கச் சுற்றிச் சுற்றி எழுதியிருந்தாய்.

“ஏறீட்டம் எண்டு எழுதினா நீ வருவாய். எனக்கு நீ வரவேணும். வந்தாப் பலகை எங்கை எண்டு கேப்பாய். ரண்டு நாளா யோசிச்சுப்போட்டுத் தோத்ததா எழுதுறன். நீ வாசிக்க மாட்டாய் எண்டபடியால்தான் இதை எழுத ஏலுது.”

நான் கேட்டிருக்க மாட்டேன், மச்சான். பலகை எங்கே என்று கேட்டிருக்க மாட்டேன் என்று இங்கே எழுதத்தான் ஆசை. ஆனால் கேட்டிருப்பேன். சந்தியில் இறங்கியதும் முதலில் அதைத்தான் கேட்டிருப்பேன். உனக்கு என்னைத் தெரியும்.

தோற்ற கிளப்புக்கும் ஆட்கள் போகலாம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? கறித்தூள் துணியில் சுற்றியபடியே பெட்டிக்குள் கிடக்கிறது. எடுத்து எறி என்கிறாள் மகள். எறிய ஏலாமல் இருக்கிறது. ஞாயிறு இரண்டு மணியானால் அங்கே மூன்று, ஆட்டம் தொடங்குகிற நேரம் என்று என் கண் மணிக்கூட்டுக்குப் போகிறது. அங்கே இப்போது யாரோ பால் வாங்குவார்கள்.

எழுத்து வந்ததில் எனக்குச் சந்தோசம்தான். அதை உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். இந்தச் சந்தோசத்தால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதும் தெரியும்.

உன் விலாச ஸ்டிக்கர் ஒன்று மிச்சம் இருக்கிறது. இந்த உறையில் அதை ஒட்டுகிறேன். அங்கே வேறு யாரோ இருப்பார்கள். ஜெர்மனில் ஏதோ முத்திரை குத்தித் திருப்பி அனுப்புவார்கள். அதை எனக்கு வாசிக்க ஏலாது. நீ வாசிக்க மாட்டாய் என்றபடியால்தான் நானும் இவ்வளவும் எழுதினேன். இம்முறை இலக்கம் ஒன்றும் போடவில்லை.