செக்கிங் வந்துவிட்டதாக நினைத்து என் கணவர் ஒழுங்காக நடந்துகொண்ட காலைப்பொழுது குறித்து

அனுப்புநர்:
நோயாளியின் மனைவி,
இரண்டாம் மாடி, பின்பக்க வீடு,
பழைய அச்சகக் கட்டடம்.

பெறுநர்:
முதியோர் நல அதிகாரி அவர்கள்,
நகர நல அலுவலகம்.

பொருள்: மறதி நோயுள்ள என் கணவருக்குப் பகல் பராமரிப்பு நிலையத்தில் இடம் மறுக்கப்பட்டது – வீட்டுக்கு வந்து எழுதிய அறிக்கையில் உள்ள தவறுகள் – மீண்டும் வந்து பார்க்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. கடந்த செவ்வாய்க்கிழமை காலை தங்கள் அலுவலகத்து அம்மையார் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அங்கிருந்தவர்கள் வருமாறு: நாற்காலியில் என் கணவர், ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். அவர் பக்கத்தில் ஸ்டூலில் நான். சமையலறை வாசலில் என் ஒரே மகள், ரத்தப் பரிசோதனைக்கூட வேலைக்குப் படித்தவள். வாசற்படியில் கீழ்வீட்டுத் தையல்காரம்மா, இரவல் வாங்கிய குடையைத் திருப்பித் தர வந்தவர், என்னதான் நடக்கிறது என்று பார்க்க நின்றுவிட்டார். வேறு யாரும் இல்லை. ஆனால் மறுப்புக் கடிதத்துடன் வந்த அறிக்கையில் "உடனிருந்து கவனிப்பவர்: மனைவி" என்று மட்டும் உள்ளது. என் மகள் அதில் எங்குமே இல்லை. அம்மையாருக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தது அவள்தான்.

2. அந்த அறிக்கை மூன்று விஷயங்களைச் சொல்கிறது. என் கணவர் தன் வேலைகளைத் தானே செய்துகொள்கிறார். நகைச்சுவையுடன் தெளிவாகப் பேசுகிறார். குடும்பத்தினருக்குச் சிரமம் எதுவும் இல்லை. இவற்றில் முதல் இரண்டும் தவறு. மூன்றாவதை நானே என் வாயால் சொன்னேன். ஒவ்வொன்றாக விளக்க அனுமதி கோருகிறேன்.

3. அம்மையார் தோளில் பையும், கழுத்தில் அடையாள அட்டையும், கையில் தாள் செருகிய அட்டையுமாக உள்ளே வந்தார். அவரைப் பார்த்ததும் என் கணவர் எழுந்து நின்று சட்டையின் கழுத்துப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். அந்தப் பொத்தானைப் போன வருடத்திலிருந்து என் மகள்தான் போட்டுவிடுகிறாள். நானும் அவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இன்று என்ன தேதி என்று கேட்டதற்கு, அம்மையாரின் தாளை எட்டிப் பார்த்துச் சரியாகச் சொன்னார். பணியில் இருந்த காலத்திலும் தேதியை அவர் மனத்தில் வைத்துக்கொண்டதில்லை, டிரிப் ஷீட்டைப் பார்த்துத்தான் சொல்வார். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, தலையைத் திருப்பி ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, "நாலு பேர் மேடம், எல்லாரும் டிக்கெட் எடுத்தாச்சு" என்றார். அம்மையார் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார். அந்த நாலு பேரில் குடையுடன் நின்ற தையல்காரம்மாவும் உண்டு, அம்மையாரும் உண்டு என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். நடத்துநர் தன்னைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

4. அம்மையார் படி இறங்கிப் போனதும் என் கணவர் நாற்காலியில் சாய்ந்து, "செக்கிங் போயாச்சா? நல்லவேளை, ஓசியில ஒருத்தன்கூட இல்ல" என்றார். நடந்தது என்னவென்று எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. பணிக்காலம் முழுவதும் ஒரு செக்கிங்கிலும் மாட்டாதவர் என்று டிப்போவில் அவருக்குப் பெயர். அந்தப் பெயரை அன்றைக்கும் காப்பாற்றிவிட்டார். மதியம் அதே நாற்காலியை நனைத்துவிட்டு, துடைக்கப்போன என்னைப் பார்த்து, "யாரும்மா நீங்க, எந்த ஸ்டாப்புல ஏறுனீங்க?" என்று மரியாதையாகவே கேட்டார்.

5. இனி நான் சொன்னது. "நீங்க எப்படிம்மா இருக்கீங்க?" என்று அம்மையார் கேட்டார். "கடவுள் புண்ணியத்துல நல்லா இருக்கோம், ஒரு குறையும் இல்லீங்க" என்றேன். யார் கேட்டாலும் நான் சொல்லும் பதில் அதுதான். பால் கொண்டுவருகிறவர் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். இறைவன் கொடுத்ததைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழாது. அதோடு, என் கணவர் பொத்தான் போட்ட சட்டையுடன் பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி எப்படிச் சொல்வது? அம்மையார் போனபின் என் மகள், "நீ பாட்டுக்கு நல்லா இருக்கோம் நல்லா இருக்கோம்னா அவங்க வேற என்னத்தம்மா எழுதுவாங்க? சாமிகிட்ட சொல்றதுல பாதியையாவது அவங்ககிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். அவள் கேட்டது நியாயம். இறைவனிடம் தினமும் முறையிடத்தான் செய்கிறேன். ஆனால் பகல் பராமரிப்பு நிலையத்தில் இடம் ஒதுக்குவது தங்கள் அலுவலகம் என்பதால், வாயால் சொல்லாததை இங்கே எழுத்தில் தருகிறேன்.

6. விடிவதற்கு முன்பே என் கணவர் முதல் டிரிப்புக்குக் கிளம்பிவிடுகிறார். ஆகையால் வீட்டுச் சாவி என் இடுப்பில் இருக்கிறது, கதவுக்குக் குறுக்கே பாய் போட்டு மகள் படுக்கிறாள். வீட்டுக்குள் யார் நடந்தாலும் டிக்கெட் கேட்கிறார். பழைய காகிதத்தைக் கிழித்து ஆளுக்கொன்று வைத்திருக்கிறோம். அன்றொரு நாள் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்த மகளின் கையில் காகிதம் இல்லை. "இறங்கு கீழே" என்று அவள் தோளைப் பிடித்து வாசல்வரை தள்ளினார். கதவில் மோதிக் கண்ணோரம் வீங்கிவிட்டது. அவள் வெளியே யாரிடமும் சொல்லவில்லை. என்னையும் சொல்ல விடவில்லை. என் இடது கண்ணில் புரை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்றார் மருத்துவர். என் கணவரைத் தூக்காமல் எங்கள் வீட்டில் ஒரு வேலையும் நடக்காது, எனவே சிகிச்சையைத் தள்ளிப்போட்டிருக்கிறேன். இந்த மனுவின் எழுத்துகள் கோணலாக இருப்பதற்கும் அதுவே காரணம், பொறுத்தருளவும். குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு குளிப்பது எங்கள் இருவருக்கும் மறந்துபோயிற்று. பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அவர் சாப்பிடும்போது பக்கத்தில் நின்றபடியே பிரார்த்தனை செய்கிறேன், இறைவன் அதையும் ஏற்றுக்கொள்வார் என்றே நம்புகிறேன். வீட்டு வரவு செலவை எழுதிவைத்துப் பழகியவள் நான். மேலே சொன்னவற்றை அதில் எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

7. என் மகளுக்கு அடுத்த ஊர் மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஓரிடம் கிடைத்தால் போதும், இரவை நாங்கள் சமாளித்துக்கொள்வோம். தங்கள் மறுப்புக் கடிதத்தைப் படித்துவிட்டு அவள் அதை மடித்து உறைக்குள் வைத்தாள். மறுநாள், "அப்பாவுக்கு நான் இல்லாம முடியாதும்மா, வேலை எங்க ஓடிப்போகப்போகுது" என்றாள். வேலை ஓடிப்போகும் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவளைத் தடுப்பது என் கணவர் அல்லர், அவருடைய நோய். அவருக்கு நினைவு இருந்திருந்தால் அவரே அவளைப் பேருந்தில் ஏற்றிவிட்டு, உட்கார இடம் பிடித்துக் கொடுத்திருப்பார்.

8. ஆகவே தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்வது: மேற்படி அறிக்கையை விட்டுவிட்டு மீண்டும் ஒருமுறை வந்து பார்க்க உத்தரவிட வேண்டும். வருகிறவர் பையும் அட்டையும் இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரர் போல வரவேண்டும். முன்கூட்டிச் சொல்லவேண்டாம், சொன்னால் நான் வீட்டைக் கூட்டிப் பெருக்கி அவருக்குச் சலவைச் சட்டை போட்டுவிடுவேன், அது என் கையில் இல்லை. மதியத்துக்கு மேல் வந்தால் நல்லது. என்னிடம் கேட்க வேண்டியதைச் சமையலறையில் வைத்துத் தனியாகக் கேட்கவும். முதலில் நல்லா இருக்கோம் என்றுதான் சொல்வேன். தயவுசெய்து இரண்டாம் முறையும் கேட்கவும். என் மகளிடமும் கேட்கவும். அந்த அம்மையார் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும்தான் அவர் எழுதினார்.

9. பதிலைத் தபாலில் அனுப்புமாறு வேண்டுகிறேன். தொலைபேசியில் அழைத்தால் என் கணவர் எடுத்து, "வண்டி கிளம்பிருச்சு, அடுத்ததுல வாங்க" என்று சொல்லி வைத்துவிடுகிறார். தங்கள் அலுவலகத்துக்கும் அப்படி ஏதும் சொல்லியிருந்தால் அதை எங்கள் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் மகள் முதல் தேதி காலைப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருப்பதால், இடம் உண்டா இல்லையா என்பதை அதற்குள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இடம்: மேற்படி முகவரி
தேதி: இம்மாதம் 12

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
(கையொப்பம்)
நடத்துநரின் மனைவி